அடுக்குமாடி வீட்டில் பொங்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசல் இல்லை, முற்றம் இல்லை, விறகு அடுப்புக்கு அனுமதி இல்லை, தை முதல் நாள் லீவும் இல்லை. பெங்களூர், மும்பை, சிங்கப்பூர், லண்டன் என்று எங்கே இருந்தாலும் ஃபிளாட்டில் பொங்கல் வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதை மாற்றலாம், எதை விட்டுவிடக் கூடாது?

ஒரு பானை, அதில் புது அரிசி, அது பொங்கி வழியும் நேரத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் அதைச் சுற்றி நிற்பது. இந்த மூன்றும் இருந்தால் பொங்கல் நடந்துவிட்டது. அடுப்பு என்ன வகை, பானை என்ன உலோகம், கரும்பு எத்தனை அடி, குழம்பில் எத்தனை காய் என்பதெல்லாம் வசதிக்கு ஏற்ப மாறலாம். கிராமத்திலேயே ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இவை வேறு வேறாகத்தான் இருக்கின்றன. ஆர்டர் போட்டு வரவழைத்த சர்க்கரைப் பொங்கலைப் படைப்பது கடைசி வழி. அப்படியே செய்தாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாலையாவது பொங்கவிடுங்கள். குழந்தைகளுக்கு நினைவில் தங்குவது அந்த நுரைதான்.

தை 1 வேலை நாளில் வருகிறது. சனி, ஞாயிறுக்குத் தள்ளிவைக்கலாமா?

விருந்தைத் தள்ளலாம், பானையைத் தள்ள வேண்டாம். ஜனவரி 14 அல்லது 15, எது தை முதல் நாளோ அன்று காலை 100 கிராம் அரிசியில் சின்னதாக ஒரு பொங்கல் வையுங்கள். முந்தின இரவே வெல்லப்பாகை வடிகட்டி, பருப்பை வறுத்து வைத்துவிட்டால் காலையில் 40 நிமிட வேலை. பொங்கல் குழம்பு, வடை, உறவினர் வருகை, விளையாட்டு எல்லாம் சனிக்கிழமைக்கு. முழுவதையும் வார இறுதிக்குத் தள்ளும் வீடுகளில் இரண்டு மூன்று வருடத்தில் பொங்கல் வெறும் மதியச் சாப்பாடாகச் சுருங்கிவிடுகிறது.

கிழக்குப் பார்த்த பால்கனி இல்லையே?

சூரியன் தெரியும் ஜன்னல் எது என்று இரண்டு நாள் முன்பே காலையில் பார்த்து வையுங்கள். ஜனவரியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கில்தான் வரும். லண்டன், டொரன்டோ போன்ற வட ஊர்களில் இன்னும் தெற்கே தள்ளி உதிக்கும். அதனால் அங்கே தெற்கு ஜன்னல் உள்ளவர்களுக்கும் காலை வெயில் கிடைக்கும். உதய நேரமும் மாறும்: சென்னையில் சுமார் 6.35, லண்டனில் ஏறக்குறைய 8, டொரன்டோவில் 7.50, சிட்னியில் 6 மணி. சமையலறையில் பொங்கல் வைத்து, வெயில் விழும் ஜன்னலடிக்குப் பானையைத் தூக்கி வந்து படைப்பது எளிய வழி. மேகமூட்டமாக இருந்தால் அந்தத் திசை பார்த்தே படைக்கலாம்.

இண்டக்ஷன் அடுப்பில் பொங்கல் வைக்க முடியுமா?

முடியும். மூன்று இடங்களில்தான் சிக்கல் வரும்.

முதலாவது பானை. மண், பித்தளை, வெண்கலம், அலுமினியம் எதுவும் இண்டக்ஷனில் சூடாகாது. எவர்சில்வர் பானைகளிலும் பல ஒத்துவராது. பானையின் அடியில் ஒரு காந்தத்தை வையுங்கள். இறுக்கமாக ஒட்டினால் சரி, நழுவி விழுந்தால் வேறு பானை தேடுங்கள். அடி தட்டையாக, குறைந்தது 12 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். உருண்டை அடிப் பானையை அடுப்பு கண்டுகொள்ளாது.

இரண்டாவது, வழியும் பால் தொடு பொத்தான்கள் மேல் ஓடினால் அடுப்பு தானாக அணைந்துவிடும். சரியாக ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லும் நேரத்தில் அடுப்பு பீப் அடித்து நின்றுபோவது இதனால்தான். நுரை கழுத்துவரை ஏறியதும் சூட்டைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். அப்போது நுரை ஒரு பக்கமாக மெல்ல வழியும். பொத்தான் பக்கம் தாழ்ந்திருந்தால் பால் அங்கேதான் ஓடும் என்பதால், அடுப்பு சமமாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

மூன்றாவது அடிப்பிடித்தல். இண்டக்ஷனில் சூடு அடியில் மட்டும் குவிகிறது. வெல்லம் சேர்த்த பிறகு 300 முதல் 400 வாட் போதும்.

பித்தளைப் பானையைத்தான் வைக்க வேண்டும் என்றால் இன்ஃப்ராரெட் அடுப்பு அல்லது சுருள் கம்பி ஹாட்பிளேட் வாங்கலாம். இவற்றில் எந்த உலோகமும் சூடாகும், தட்டையான அடி இருந்தால் போதும். பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்த பானையைப் படைக்க வைத்துக்கொள்ளலாம், சமைக்க வேண்டாம்.

பால் பொங்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பானை பெரிது, பால் கொஞ்சம். பெரும்பாலும் காரணம் இதுதான். நான்கு பேருக்கு வேண்டிய அரிசிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். அது 3 லிட்டர் பானையில் பாதிதான் நிற்கும், நுரை விளிம்பை எட்டாது. பழைய வழக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: முதலில் பானையை முக்கால் அளவுக்கு நிரப்பிப் பொங்கவிட்டு, பிறகு கொஞ்சத்தை முகந்து எடுத்துவிட்டு அரிசி போடுவது.

3 லிட்டர் பானைக்கு அரை லிட்டர் பாலும் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரும் ஊற்றுங்கள். தண்ணீரில் ஒரு பங்கு அரிசி களைந்த இரண்டாம் நீராக இருக்கட்டும், அதில் உள்ள மாவுச்சத்து நுரையைப் பிடித்து நிறுத்தும். மூடி போடாமல் முழுச் சூட்டில் வையுங்கள், கரண்டியால் கிளறாதீர்கள். மேலே ஆடை கட்டி, அதன் கீழே ஆவி சேர்ந்து ஆடையைத் தூக்கும்போதுதான் பால் பொங்குகிறது. கிளறினால் ஆடை உடைந்து ஆவி சும்மா போய்விடும். வாய் குறுகிய பானையில் சீக்கிரம் பொங்கும். கழுத்தே இல்லாத அகலப் பாத்திரத்தில் பாடுபட வேண்டியிருக்கும். பொங்கியதும் முக்கால் லிட்டர் முகந்து தனியே வையுங்கள். அரிசி வேகும்போது தண்ணீர் போதாவிட்டால் அதையே திரும்ப ஊற்றலாம்.

அந்தப் பானைக்கு மற்ற அளவுகள் என்ன?

பச்சரிசி 250 கிராம், லேசாக வறுத்த பாசிப்பருப்பு 60 கிராம், வெல்லம் 400 கிராம், நெய் 75 முதல் 100 கிராம், முந்திரி 25, திராட்சை 20 கிராம், ஏலக்காய் 5, பச்சைக் கற்பூரம் ஒரு கடுகளவு. பச்சைக் கற்பூரம் கூடினால் கசக்கும். சாமிக்கு ஏற்றும் சூடக்கட்டி வேறு பொருள், அதைச் சமையலில் சேர்க்கவே கூடாது. யாழ்ப்பாண முறையில் சமைப்பவர்கள் பயற்றை நன்றாக வறுத்து, வெல்லத்தோடு கற்கண்டும் கஜுவும் (முந்திரி) சேர்ப்பார்கள்.

வெல்லம் போட்டதும் பால் திரிகிறது, அரிசியும் நறுக்கு நறுக்கென்று இருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் அவசரம். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கும் பாலில் விழுந்தால் திரித்துவிடும். அரிசி, பால் முழுவதையும் உறிஞ்சிக் குழைந்தபின் அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கொதிக்காத வெதுவெதுப்பான பாகை ஊற்றுங்கள். இனிப்பு சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது என்பதால் முன்பே ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் 5 நிமிடம் ஆகும். வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டாமல் போடாதீர்கள். நல்ல வெல்லத்திலும் மணல் இருக்கும்.

மண்பானை வெடிக்காமல் இருக்க என்ன செய்வது?

வண்ணம் அடித்த பானைகள் அலங்காரத்துக்கு மட்டும். அடுப்பில் பெயின்ட் எரிந்து நாறும். வண்ணமில்லாத பானையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் அரைமணி நேரம் கஞ்சி காய்ச்சுங்கள். இதை இரண்டு முறை செய்தால் பானை பழகிவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் மாலை வாங்கி மறுநாள் காலையே ஏற்றும் பானைதான் பெரும்பாலும் விரிசல் விடும்.

அன்றைக்கு முதல் 10 நிமிடம் சிறு தீ. சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இறக்கியதும் ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அடி தெறித்துவிடும், பிரிமனை மேல் வையுங்கள். கேஸ் அடுப்பில் இன்னொரு விஷயம்: தீ அடியை விட்டு வெளியே படர்ந்தால் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலை கருகி, சில நேரம் பற்றிக்கொள்ளும். இலைகளை மேல்நோக்கி மடித்துக் கட்டுங்கள், தீயைப் பானை அடிக்குள் அடக்குங்கள்.

குக்கரில் வைத்தால் பொங்கல் ஆகுமா?

பாதிப் பாதியாகச் செய்யலாம். ஒரு சின்னப் பானையில் பாலும் கைப்பிடி அரிசியும் போட்டுப் பொங்கவிடுங்கள். மீதி அரிசியும் பருப்பும் குக்கரில் 5 விசில் வேகட்டும். பின்பு பானையில் உள்ளதைக் குக்கரில் உள்ளதோடு சேர்த்து, வெல்லம், நெய் கலந்துவிடுங்கள். பத்துப் பேர் வரும் வீட்டுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. சடங்கும் நிற்கிறது, அடியும் பிடிக்காது.

பால் சேர்க்காதவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள்.

பால் இல்லாமலும் பானை பொங்கும். களைந்த நீரில் ஒரு பிடி அரிசி போட்டுக் கொதிக்கவிட்டாலே கஞ்சி நுரைத்து வழியும். சுவைக்கு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைத்தபின் சேருங்கள், கொதித்தால் பிரிந்துவிடும். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் பொருந்தும்.

வெல்லமும் கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். “வெல்லம்தானே” என்று கிண்ணம் நிறையக் கொடுப்பது தவறு. அவர்களுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கலும், வயிற்றுக்கு மிளகு, சீரகம் தாளித்த சாமை வெண்பொங்கல் அளவாகவும் கொடுங்கள். சாமை ஒரு பங்குக்குப் பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் நாலரைப் பங்கு. மொச்சை, அவரை, கத்தரி சேர்ந்த குழம்பைத் தாராளமாக ஊற்றலாம்.

எரிக்காமல் போகி கொண்டாட முடியுமா?

எரிக்காமல் இருப்பதுதான் நல்லது. பழைய நாளில் எரிந்தது ஓலையும் பாயும் துடைப்பமும். இன்று வீட்டில் கழிவது பெரும்பாலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஃபோமும். மார்கழிப் பனியோடு அந்தப் புகை தரைமட்டத்திலேயே தேங்கிவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டதை நினைவிருப்பவர்கள் பலர். அதற்குப் பதில் போகிக்கு ஒரு வாரம் முன்பே பரணை இறக்குங்கள். துணிகளில் உடுத்தக்கூடியது, துடைக்கத் துணியாகக் கிழிக்கக்கூடியது என்று பிரியுங்கள். பழைய செல்போன், சார்ஜர், பேட்டரியைத் தனிப் பெட்டியில் போட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். காலாவதியான மருந்துகளைப் பிரித்து எடுங்கள். குழந்தைகள் தங்கள் அலமாரியிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்த மூன்று பொருள்களைக் கொடுத்துவிடுவது போகிக்கு அழகான புது வழக்கம்.

ஃபிளாட் வாசலில் கோலம் எப்படி?

பளபளப்பான டைல்ஸில் உலர்மாவு கால் பட்டதும் கலைந்துவிடும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, துணித்துண்டை நனைத்து விரல் வழியாக இழுங்கள். போடும்போது வெளிறித் தெரியும், 20 நிமிடத்தில் காய்ந்து வெள்ளை எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாவு முத்து முத்தாக உருண்டு கோடு அறுபடும், முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். லிஃப்ட் பக்கத்தில் நடமாட்டம் அதிகம் என்றால் 3 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகையில் கறுப்பு பெயின்ட் அடித்து அதில் போட்டு வைக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளிக் கோலம் போதும். செயற்கைக் கலர்ப்பொடி ஈரக் கிரானைட்டில் கறையாக இறங்கும், கவனம்.

கரும்பு?

லிஃப்டில் ஏறாது. கடையிலேயே நடுவில் வெட்டி, தோகை உள்ள மேல்பாதியைப் படைக்க வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் காலோடு கட்டி, அடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பு வராது. வெளிநாட்டுக்கு ஊரிலிருந்து கரும்போ மஞ்சள் செடியோ பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விமான நிலையத்திலேயே பறிமுதலும் அபராதமும் உண்டு. ஆசியக் கடைகளில் உறையவைத்த கரும்புத் துண்டும் பச்சை மஞ்சள் கிழங்கும் கிடைக்கும்.

குடியிருப்பில் 100 பேருக்குச் சேர்ந்து பொங்கல் வைக்க என்ன வேண்டும்?

ஆளுக்கு ஒரு கப், சுமார் 110 கிராம் என்று வைத்துக்கொண்டால்: பச்சரிசி ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், வெல்லம் இரண்டரை கிலோ, நெய் அரை கிலோ, பால் ஒன்றரை லிட்டர், தண்ணீர் 7 லிட்டர், முந்திரி 200, திராட்சை 100 கிராம். அடிகனமான 20 லிட்டர் அண்டா. இதில் பால் பொங்கி வழியாது, அதற்கு 3 லிட்டர் பானை ஒன்றைத் தனியே வையுங்கள். தொடக்கத்திலிருந்து பரிமாறும்வரை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இடத்தைப் பற்றி அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடித்தள கார் பார்க்கிங்கில் அடுப்பு கூடவே கூடாது. மொட்டை மாடியில் நேராகச் செங்கல் வைத்துத் தீ மூட்டினால் ஓடு வெடிக்கும், கீழே உள்ள நீர்க்காப்புப் பூச்சும் கெடும், மழைக்காலத்தில் கடைசி மாடி வீட்டுக்காரர் கூரையில் ஒழுகும். இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வரிசை செங்கல் படுக்கவைத்து, அதற்கும் மேலே அடுப்பு கட்டுங்கள். தரைதளத்து மண்தரை கிடைத்தால் அதுவே சிறந்தது. சவுக்குக் கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரக் கட்டை புகைந்து தீயணைப்பு அலாரத்தையும் அண்டை வீட்டாரையும் எழுப்பும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அடுப்பில் நிற்பவர் பருத்தி உடுத்தட்டும்.

வெல்லம் சேர்ந்ததும் கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் வைத்துக் கிளறுங்கள். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், சுரண்டினால் தீய்ந்த வாடை முழு அண்டாவுக்கும் ஏறும். மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

வேறு மதத்தவர், வேறு மொழியினர் இருக்கும் குடியிருப்பு என்றால் நிகழ்வைச் சமத்துவப் பொங்கல் என்று அறிவித்து, நடுவில் பானையும் சூரியனும் மட்டும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் தேவாலயங்களிலும் பொங்கல் வைக்கிறார்கள். உழவையும் சூரியனையும் நினைக்கும் நாளில் யாரும் விலகி நிற்க வேண்டியதில்லை.

மாடு இல்லாமல் மாட்டுப் பொங்கல்?

குழந்தைகளைக் கோசாலைக்கோ ஊருக்கு வெளியே மாடு வைத்திருப்பவரிடமோ அழைத்துப் போகலாம். ஆனால் டப்பா நிறையப் பொங்கலைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டாதீர்கள். வழக்கமில்லாத மாடு ஒரே நேரத்தில் நிறையச் சோறும் இனிப்பும் தின்றால் முதல் வயிற்றில் அமிலம் பெருகி வயிறு உப்பும், சில மாடுகள் செத்தே போகும். பண்டிகை நாளில் நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் ஊட்டும் மாட்டுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு வாய் பொங்கல் போதும். மீதிக்கு அகத்திக்கீரையோ பசும்புல்லோ கொடுங்கள், அதையும் பராமரிப்பவர் கையில். வாழைப்பழத்தோடு பிளாஸ்டிக் பை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனுப்பிடி எங்கே வைப்பது?

மறுநாள் உடன்பிறந்தவர்களின் நலனுக்காக மஞ்சள் இலையில் பறவைகளுக்கு வைக்கும் சோற்று உருண்டைதான் கனுப்பிடி. அதை மொட்டை மாடியில் வைக்கலாம். மஞ்சள் இலை காற்றில் பறக்கும் என்பதால் நான்கு மூலையிலும் சிறு கல் வையுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டைகள் போதும். மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், விட்டால் எலி வரும்.

வெளிநாட்டு வீட்டில் புகை அலாரம் அடிக்கிறது.

பால் வழிந்து அடுப்பில் கருகும் புகையும் சூடமும்தான் காரணம். சூடத்துக்குப் பதில் நெய் விளக்கு ஏற்றுங்கள். எக்ஸாஸ்ட்டை முன்பே போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அலாரத்தை மூடி ஒட்டவே கூடாது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ கொண்டுவருவது உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சிட்னியில் ஜனவரி கோடைக்காலம். முழுத் தீத் தடை அறிவித்த நாளில் வெளியே விறகு மூட்ட முடியாது.

ஊரில் உள்ளவர்களோடு வீடியோவில் சேர்ந்து வைப்பது எப்படி?

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் பானை ஏற்ற முயன்றால் ஒருவருக்கு நடுராத்திரி. சென்னையில் காலை 6.30 என்றால் லண்டனில் இரவு 1 மணி, டொரன்டோவில் முந்தின நாள் இரவு 8, சிங்கப்பூரில் காலை 9, சிட்னியில் நண்பகல் 12. டொரன்டோக்காரர்கள் தங்கள் உதயத்தில் 7.50க்குப் பொங்கவிட்டால் ஊரில் மாலை 6.20, தாத்தா பாட்டி விழித்திருப்பார்கள். போனைப் பானைக்கு நேர் மேலே நீட்டாதீர்கள், ஆவி படிந்து எதுவும் தெரியாது. பக்கவாட்டில், கழுத்து மட்டத்தில் ஸ்டாண்டில் வையுங்கள்.

எல்லா வேலையும் ஒருவர் தலையில் விழுகிறது.

இதை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. வீட்டுப் பெண் 4 மணிக்கு எழுந்து மற்றவர்கள் 8 மணிக்குச் சாப்பிட உட்காரும் பொங்கல் அவருக்குப் பண்டிகை அல்ல. ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் எழுதிப் பிரியுங்கள்: பானை ஒருவர் பொறுப்பு, குழம்பு ஒருவர், கோலமும் வாசலும் ஒருவர், பாத்திரம் கழுவுவது ஒருவர். பானைக்குப் பொறுப்பேற்றவர் வெல்லம் வாங்குவதிலிருந்து பரிமாறுவதுவரை பார்க்க வேண்டும், நடுவில் “உப்பு எங்கே?” என்று கூப்பிடக் கூடாது. காய் நறுக்குவதும் மொச்சை உரிப்பதும் முந்தின இரவே எல்லோரும் உட்கார்ந்து செய்யட்டும். பத்து வயதுக் குழந்தை மொச்சை உரிக்கும்.

இந்த வருடம் வீட்டில் துக்கம். என்ன செய்வது?

பல குடும்பங்களில் அந்த வருடம் பானை வைப்பதில்லை. பெரியவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அக்கம்பக்கத்தினர் இதை அறிந்து அன்றைய சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாழ்த்துச் செய்தி அனுப்பாமல், நேரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பொங்கலுக்கு எங்காவது பயணம் போகலாமா?

போகலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை தயாராக இருங்கள், நிமிடங்களில் தீர்ந்துவிடும். தங்கும் இடத்தில் சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு ஒரு லிட்டர் பானை, கால் கிலோ அரிசி, பொடித்த வெல்லம் எடுத்துச் செல்லுங்கள். காணும் பொங்கலன்று மெரினா பக்கம் போவதானால் சிறு குழந்தையின் கையிலோ சட்டைப்பையிலோ பெற்றோர் போன் எண் எழுதி வையுங்கள்.

மீந்த சர்க்கரைப் பொங்கல் எத்தனை நாள் தாங்கும்?

பால் சேர்ந்தது என்பதால் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறியதும் சிறு டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் 2 நாள். இறுகிப்போயிருக்கும், கால் டம்ளர் சூடான பால் தெளித்து மூடிவைத்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். நெய்யைக் கடைசியில் ஊற்றுங்கள். புளிப்பு வாடை லேசாக வந்தாலும் கொட்டிவிடுங்கள்.